ஒத்துப்போகும் இரண்டு பிழைகள்: அப்புத்தளை வானில் செய்மதி உயரமும் உயரமானி உயரமும்

1. கேள்வி

வீரவில விமானத்தளம் தென்கிழக்குக் கரையோரச் சமநிலத்தில், கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தூரத்தில் அப்புத்தளை. நகரின் உயரம் ஏறத்தாழ 1,430 மீற்றர். தெற்கே ஹல்துமுல்லைப் பக்கம் நிலம் செங்குத்தாக விழுகிறது. வடக்கே தியத்தலாவையையும் பண்டாரவளையையும் தாங்கிய ஊவா மேட்டுநிலம் விரிகிறது. நடுவில் ஒரு முகடு. அதன் முதுகில்தான் நகரமும் புகையிரதப் பாதையும் இருக்கின்றன. கரையிலிருந்து கிளம்பும் சிறிய விமானம் அரை மணி நேரத்துக்குள் இந்த முகட்டின் முன் வந்து நிற்கும்.

அதன் விமானியிடம் உயரத்தைச் சொல்ல இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று வளியமுக்கத்தை அளந்து அதை உயரமாக மாற்றிக் காட்டும் உயரமானி. மற்றது செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞைகளின் நேரத்தைக் கணக்கிட்டு இடத்தையும் உயரத்தையும் சொல்லும் ஜிபிஎஸ் வாங்கி. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். வித்தியாசம் சிலவேளை 30 மீற்றர், சிலவேளை 100 மீற்றர். அப்போது எழும் வழக்கமான கேள்வி, ‘எது சரி?’ என்பது.

அந்தக் கேள்வி தவறாக அமைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். இலங்கையின் மத்திய மலைநாட்டில் இரு கருவிகளும் முரண்படும் நேரத்தை விட, அவை ஒத்துப்போகும் நேரமே அதிக ஐயத்துக்கு உரியது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். 2020 ஜனவரி 3 அன்று வீரவிலவிலிருந்து கிளம்பிய இலங்கை விமானப்படையின் ஒய்-12 விமானம் அப்புத்தளையில் விழுந்து நால்வர் உயிரிழந்தனர். அப்புத்தளை, விமானம், உயரம் என்று எழுதத் தொடங்கினாலே வாசகருக்கு அந்தக் காலைவேளை நினைவுக்கு வரும். அந்த விபத்தை உயரமானியோடு முடிச்சுப் போடுவது இங்கு என் நோக்கமல்ல. இங்கே ஆராயப்படுவது அளவீட்டுச் சிக்கல் ஒன்று மட்டுமே.

2. இதுவரை நிலவும் கருத்துகள்

இந்த விடயத்தில் மூன்று தரப்பினர் மூன்று விதமாகப் பேசுகிறார்கள்.

விமானப் பயிற்சி மரபு ஜிபிஎஸ் உயரத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்கிறது. செய்மதி கிடைமட்ட இடத்தைச் சொல்வதில் கெட்டி, உயரத்தில் பலவீனம், ஆகவே உயரமானியை மட்டும் நம்பு என்பது அதன் பாடம். இந்தப் பாடத்துக்கு ஒரு காலப் பின்னணி உண்டு. 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்கா குடிமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. அந்நாளில் உயரம் நூறு மீற்றருக்கு மேலும் தவறுவது சாதாரணம். தடை நீங்கிக் கால் நூற்றாண்டு ஆகியும் பாடம் பெரிதாக மாறவில்லை.

கைத்தொலைபேசிக் காலத்தின் பொதுப் புத்தி இதற்கு நேரெதிர். அமுக்கத்தை அளக்கும் கருவி பழையது, செய்மதி புதியது, ஆகவே புதியதே சரி என்பது அதன் தர்க்கம். அப்புத்தளைக்கு அருகிலுள்ள லிப்டன் சீட்டுக்கு ஏறும் சுற்றுலாப் பயணிகள் இந்த வகையினர்.

மூன்றாவது தரப்பு நில அளவையாளர்கள். அவர்களுக்கு இரண்டுமே இரண்டாந்தரச் சாட்சிகள். மட்டக்கோலும் மட்டக்கருவியும் கொண்டு கடற்கரையிலிருந்து அடி அடியாக ஏற்றிக்கொண்டு வந்த அளவே உயரம். 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனம் அப்புத்தளைக்குப் பக்கத்திலேயே, தியத்தலாவையில் இயங்குகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் தரப்பின் குரல்தான் விமானிகளின் காதுக்கு மிகக் குறைவாக எட்டுகிறது.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ‘எந்தப் பரப்பிலிருந்து அளந்த உயரம்?’ என்ற கேள்வியை முதலிரு தரப்பும் கேட்பதில்லை.

3. காற்று சொல்லும் உயரம்

உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. உள்ளே காற்று வெளியேற்றப்பட்ட மெல்லிய உலோகப் பெட்டிகள் அமுக்கம் குறையக் குறைய விரிகின்றன. அந்த விரிவு முள்ளை நகர்த்துகிறது. அமுக்கத்தை அடியாக மாற்றும் வாய்ப்பாடு ‘நியம வளிமண்டலம்’ என்ற கற்பனைக் காற்றுக்கு உரியது. அந்தக் காற்றில் கடல்மட்ட அமுக்கம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 15 பாகை செல்சியஸ், ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பம் 6.5 பாகை குறையும். போல் கோல்ஸ்மன் அமைத்த நுண்ணிய உயரமானியை வைத்துத்தான் ஜிம்மி டூலிட்டில் 1929 செப்டெம்பர் 24 அன்று வெளியே பார்க்காமலே விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார். அந்தக் கருவியின் முகத்தில் உள்ள சிறிய சாளரத்தில் அன்றைய அமுக்க எண்ணைத் திருகி வைக்கும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. ஒரு நிலையத்தில் அளந்த அமுக்கத்தை நியம வளிமண்டலக் கணக்கால் கடல்மட்டத்துக்கு இறக்கிக் கிடைக்கும் எண் அது. விமானிகள் அதைக் கியூஎன்எச் என்பார்கள்.

சாளர எண்ணைத் தவறாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று பாரிசிலிருந்து கிடைக்கிறது. 2022 மே 23 அன்று சார்ல் து கோல் விமான நிலையத்தை நெருங்கிய ஏர்பஸ் 320 ஒன்றுக்குக் கட்டுப்பாட்டாளர் 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்ற எண்ணைச் சொல்லிவிட்டார். பத்து ஹெக்டோபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 280 அடி. விமானம் அவ்வளவு தாழ்வாக வந்தது. ஓடுபாதைக்கு முன்பே நிலத்திலிருந்து வெறும் 6 அடி உயரம் வரை இறங்கி, பின் மேலே ஏறித் தப்பியது. உயரமானி பழுதாகவில்லை. சொன்ன எண்ணுக்கு அது விசுவாசமாக வேலை செய்தது.

அயனமண்டலத்தில் வாழும் நமக்கு இன்னொரு விடயம் உண்டு. இங்கே அமுக்கம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியை ஒட்டி உச்சம், பிற்பகல் நான்கை ஒட்டித் தாழ்வு, இரவிலும் அப்படியே. வித்தியாசம் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல். குளிர்நாடுகளில் புயல்களின் ஏற்ற இறக்கத்தில் இந்த அலை அமிழ்ந்துவிடும். இங்கே கடிகாரம் போல் தெரியும். அப்புத்தளை உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது 9.5 மீற்றருக்குச் சற்று அதிகம். ஆக, காலையில் சரிபார்த்து மேசையில் வைத்த உயரமானி பிற்பகலில் 20, 30 மீற்றர் உயர்ந்திருப்பதாகச் சொல்லும். மேசை அசைந்திருக்காது.

இவற்றையெல்லாம் விட, மலைநாட்டில் நிரந்தரமாக இருக்கும் பிழை வெப்பநிலையால் வருவது. நியம வளிமண்டலத்தின் கடல்மட்டம் 15 பாகை; நம் கரையோரம் ஏறத்தாழ 28. மேலே போனாலும் இந்த வித்தியாசம் குறைவதில்லை. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை; நியமக் கணக்குப்படி அந்த உயரத்தில் 3 பாகை கூட இருக்கக்கூடாது. எனவே இலங்கையின் காற்று, உயரமானி கற்பனை செய்யும் காற்றைவிட எப்போதும் 13 பாகை அளவில் சூடானது. சூடான காற்று விரிந்து உயரும். அதே அமுக்கத்தை அடைய விமானம் இன்னும் மேலே போக வேண்டும். விளைவு, உயரமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ 4 வீதம் என்பது விமானிகளின் மனக்கணக்கு. விரிவாகக் கணித்தால், கரையோர நிலையமொன்றின் கியூஎன்எச்சை வைத்துக்கொண்டு 1,430 மீற்றரில் பறக்கும் விமானத்தின் உயரமானி ஏறத்தாழ 1,367 மீற்றரைக் காட்டும். 63 மீற்றர் குறைவு.

பாடநூல்கள் இதைப்பற்றி அதிகம் பேசாததற்குக் காரணம் எளிது. அவை பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. கனடாவிலும் நோர்வேயிலும் குளிர்காற்று உயரமானியைக் கூடுதலாகக் காட்டச் செய்யும். மலை இருக்குமிடத்தில் அது உயிருக்கு ஆபத்து. அதனால் குளிருக்கான திருத்த அட்டவணைகள் கவனமாகத் தொகுக்கப்பட்டுள்ளன. சூட்டால் வரும் பிழை பாதுகாப்பான பக்கம் சாய்வதால் அதற்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

பாதுகாப்பற்ற பக்கம் சாயும் பிழை ஒன்றும் அப்புத்தளையில் உண்டு. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் முகட்டின் இடைவெளிகளுக்குள் காற்று நெருங்கி வேகமெடுத்து மறுபக்கம் ஊவாவுக்குள் உலர்ந்த கச்சானாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருவதும் இந்தக் காற்றுத்தான். முகட்டின் மேல் விரைந்தோடும் காற்றில் அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் உயரமானி, விமானம் மேலே இருப்பதாக எண்ணும். அதே இடத்தில் மறுபக்கத்துக் கீழிறங்கும் காற்று விமானத்தைக் கீழே தள்ளும். இரண்டும் சேர்ந்து வருவதுதான் மலைப் பறத்தலின் கொடுமை.

கருவிப் பலகையில் எந்த முள்ளும் காட்டாத மூன்றாவது உயரம் ஒன்றும் இருக்கிறது. சூடான காற்று மெல்லியது. அப்புத்தளைக்கு மேல் 19 பாகை வெப்பத்தில் பறக்கும் விமானத்தின் இறக்கையும் எஞ்சினும், நியமக் காற்றில் 1,800 மீற்றருக்கு மேலே பறப்பதுபோல் உழைக்கின்றன. ஜிபிஎஸ்ஸா உயரமானியா என்ற விவாதத்தில் இது மறக்கப்படுகிறது. முகட்டைத் தாண்ட முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

4. செய்மதி சொல்லும் உயரம்

ஜிபிஎஸ் உயரத்தில் பலவீனமானது என்ற பழைய பாடம் பொய்யல்ல. கிடைமட்டத்தில் எல்லாப் பக்கமும் செய்மதிகள் இருப்பதால் ஒரு பக்கத்துப் பிழையை மறுபக்கம் ஈடுசெய்கிறது. செங்குத்தில் அப்படி முடியாது; காலுக்குக் கீழே பூமி மறைப்பதால் செய்மதிகள் எல்லாம் மேலேயே இருக்கின்றன. அமெரிக்க அரசு 2020இல் வெளியிட்ட தர ஆவணம் உலகச் சராசரியாக 95 வீத நேரம் கிடைமட்டத்தில் 8 மீற்றர், செங்குத்தில் 13 மீற்றர் என்ற எல்லைகளைத் தருகிறது. இது செய்மதியின் பங்கு மட்டுமே. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலமும் வாங்கியும் சேர்க்கும் பிழைகள் தனி. காந்த மத்தியகோடு நமக்கு அருகே செல்வதால் சூரியன் மறைந்தபின் சமிக்ஞை துடிப்பது இங்கு அதிகம். ஆழமான பள்ளத்தாக்கில் மலைச்சரிவே பாதி வானத்தை மறைத்துவிடும். இத்தனையும் சேர்ந்தாலும், திறந்த வானத்தின் கீழ் நல்ல வாங்கி ஒன்றின் உயரப் பிழை பொதுவாகச் சில மீற்றர் முதல் பதினைந்து இருபது மீற்றருக்குள் அடங்கும். காற்றின் வெப்பப் பிழையோடு ஒப்பிட்டால் இது சிறிது.

அப்படியானால் 100 மீற்றர் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் இலங்கை உலகின் மற்றெந்த நாட்டையும் விடச் சுவையான இடமாகிறது.

ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித வடிவத்திலிருந்து உள்ள உயரத்தை. அது துருவங்களில் சற்றுத் தட்டையான, மேடுபள்ளமற்ற ஒரு நீள்கோளம். நடுக்கோட்டு ஆரை 6,378,137 மீற்றர். கடலோ அந்த வடிவத்தில் இல்லை. பூமிக்குள் பாரம் சமமாகப் பரவாததால் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. அதற்கேற்பக் கடல்மட்டமும் ஓரிடத்தில் நீள்கோளத்துக்கு மேலே எழுந்தும், ஓரிடத்தில் கீழே அமிழ்ந்தும் இருக்கிறது. கடல்மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் கிடைக்கும் பரப்பை ஜியோயிட் என்கிறார்கள். உலகிலேயே அது மிக அதிகமாக, ஏறத்தாழ 106 மீற்றர், அமிழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. 1948இல் ஒல்லாந்து நாட்டுப் புவியியற்பியலாளர் வெனிங் மைனெஸ் கப்பலிலிருந்து ஈர்ப்பை அளந்தபோது இது வெளிப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த தேபாஞ்ஜன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து எழுந்துவரும் சூடான, இலேசான மூடகப் பொருளை இதற்கு முக்கிய காரணமாக்குகிறது. கப்பல் அங்கே பள்ளத்தில் இறங்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர் எங்கும் தன் மட்டத்தில்தான் நிற்கிறது. கணிதக் கோளம்தான் அதற்கு மேலே போகிறது.

இலங்கை இந்தப் பள்ளத்தின் விளிம்பில் அல்ல, உட்சரிவிலேயே இருக்கிறது. தீவு முழுவதும் கடல்மட்டம் நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 100 மீற்றர் கீழே. அப்புத்தளைக்கு 95 என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடர்கிறேன். திருத்தப்படாத ஜிபிஎஸ் உயரத்தில் காலிமுகத்திடல் கடலுக்கு அடியில் 90 மீற்றருக்கும் கீழே இருக்கும். அப்புத்தளை 1,335 மீற்றர் ஆகிவிடும்.

நல்ல வாங்கிகள் இஜிஎம்96 போன்ற ஈர்ப்பு மாதிரியின் அட்டவணையைக் கொண்டு இதைத் திருத்திக் கடல்மட்ட உயரமாகக் காட்டுகின்றன. ஆனால் எல்லாக் கருவியும் எல்லா இடத்திலும் அப்படிச் செய்வதில்லை. கிளைடர் போட்டிகளுக்குச் சர்வதேச அமைப்பு அங்கீகரித்த பதிவுக் கருவிகள் அமுக்க உயரத்தையும் செய்மதி உயரத்தையும் தனித்தனியாகப் பதிகின்றன. இரண்டாவது நீள்கோளத்திலிருந்து அளந்தது. கைத்தொலைபேசிகளில் இயங்குதளம் தரும் எண்ணும் செயலி காட்டும் எண்ணும் வெவ்வேறு பரப்பைச் சார்ந்திருக்கலாம். ஜியோயிட் வித்தியாசம் சில மீற்றராக மட்டும் உள்ள நாட்டில் இந்தக் குழப்பம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். இங்கே அது முப்பது மாடிக் கட்டடத்தின் உயரம்.

வானத்துக்கு வெளியேயும் இதற்கு விலை உண்டு. இலங்கைத் தேயிலையில் 600 மீற்றர் வரை தாழ்நிலம், 1,200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம். 1,250 மீற்றரில் உள்ள தொழிற்சாலை ஒன்றைத் திருத்தாத ஜிபிஎஸ் எண்ணால் அளந்தால் அது உயர்நிலத்திலிருந்து இடைநிலத்துக்கு இறங்கிவிடும்!

5. பட்டிப்பொலப் பலகை

இனி இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்போம். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் இலங்கைப் புகையிரதப் பாதையின் உச்சியைக் குறிக்கும் பலகை இருக்கிறது: கடல்மட்டத்துக்கு மேல் 6,226 அடி. அதாவது 1,898 மீற்றர். அப்புத்தளையிலிருந்து நானுஓயாப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்திருப்பார்கள்.

அந்தப் பலகையின் அருகே இரண்டு கருவிகளை வைத்ததாகக் கொள்வோம். கரையோரக் கியூஎன்எச் வைக்கப்பட்ட உயரமானி, 13 பாகை மிகைச் சூட்டின் காரணமாக ஏறத்தாழ 1,814 மீற்றரைக் காட்டும். திருத்தப்படாத ஜிபிஎஸ் 1,803 மீற்றரைக் காட்டும். இரண்டுக்கும் இடையே 11 மீற்றர். இந்த வித்தியாசத்தைக் கண்ட எவரும் இரண்டு கருவிகளும் அருமையாக ஒத்துப்போகின்றன என்றே முடிவுகட்டுவர். பலகையோ இரண்டுக்கும் மேலே 84, 95 மீற்றர் உயரத்தில் நிற்கிறது.

இப்போது ஜிபிஎஸ்ஸைச் சரியாகத் திருத்துங்கள். அது 1,898ஐக் காட்டும். உயரமானியிலிருந்து 84 மீற்றர் விலகல். பழைய பாடம் படித்த விமானி என்ன சொல்வார்? ஜிபிஎஸ் உயரத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே சான்று என்பார். பிழையான நிலையில் ஒப்புதல், சரியான நிலையில் முரண்பாடு. ஒரு கருவியால் மற்றதைச் சரிபார்க்கும் வழக்கம் இந்த முகட்டில் தலைகீழாகிவிடுகிறது.

இது தற்செயல்தான். காற்றின் பிழை உயரத்தோடு வளர்கிறது. ஜியோயிட் பிழை உயரத்தால் மாறுவதில்லை. கரையில் முதலாவது பூச்சியம், இரண்டாவது 95. ஆகவே கரையோர விமான நிலையமான இரத்மலானையில் குழப்பம் பளிச்சென்று தெரியும். ஏற ஏற இடைவெளி சுருங்குகிறது. அப்புத்தளையில் 32 மீற்றர், பட்டிப்பொல உச்சியில் 11, 2,100 மீற்றரைத் தாண்டியதும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதற்கு மேலே வரிசை மாறிவிடும். மலைநாட்டு முகடுகளின் உயரத்திலேயே இது நிகழ்வதால் இந்தத் தற்செயலை அலட்சியம் செய்ய முடியாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு: இரண்டு பிழைகளும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டுகின்றன, விமானம் நினைத்ததைவிட மேலேயே இருக்கிறது, பிறகென்ன கவலை? பாதி நியாயம். ஆனால் கவலை இன்றைய பறத்தல் பற்றியது மட்டுமல்ல. ‘இரண்டும் ஒத்துப்போகும்’ என்ற நம்பிக்கையைப் பழக்கமாக்கிக்கொண்டவர், மலைக்காற்று உயரமானியைக் கூடுதலாகக் காட்டும் நாளிலும், கட்டுப்பாட்டாளர் சொன்ன எண்ணைத் தவறாகக் கேட்ட நாளிலும் அதே நம்பிக்கையோடுதான் பறப்பார். மலைநாட்டு நிலையமொன்றின் கியூஎன்எச்சை வைத்தால் கணக்கு மறுபடி மாறும். அந்த எண் அவ்விடத்துச் சூட்டையும் தனக்குள் விழுங்கியிருப்பதால், உயரமானி அந்த நிலையத்தின் உயரத்தில் உண்மையையே காட்டும். திருத்தாத ஜிபிஎஸ் மட்டும் தனித்து விலகி நிற்கும். பதுளை, பண்டாரவளை, நுவரெலியா ஆகிய இடங்களில் வளிமண்டலவியல் நிலையங்கள் இருக்கின்றன. எந்த நிலையத்து எண் என்று சொல்லாமல் ‘கியூஎன்எச் வைத்தேன்’ என்பது மலைநாட்டில் பாதி வாக்கியம்.

6. ஏழு கன்னியர் மலை எதற்குச் சான்று?

மலைநாட்டில் உயரம் பற்றிய எந்தப் பேச்சும் 1974 டிசெம்பர் 4 இரவைத் தொடாமல் முடிவதில்லை. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர் 182 பேரோடு கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் டிசி-8 விமானம், மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் சுமார் 4,350 அடி உயரத்தில் மோதியது. பணியாளர் ஒன்பது பேரும் சேர்த்து 191 பேரும் இறந்தனர்.

இதை உயரமானி விபத்து என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். விசாரணை முடிவு அதைத் தாங்காது. விமானநிலையத்தைப் பொறுத்துத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக அறிந்து பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே இறங்கினர். விமானத்தில் இருந்த டொப்ளர், வானிலை ராடார் கருவிகளை நம்பியது அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது என்பதே முடிவு. உயரம் தெரிந்திருந்தது, இடம் தெரியவில்லை. இன்றைய ஜிபிஎஸ் வாங்கி ஒன்று அந்த விமான அறையில் இருந்திருந்தால் அது காப்பாற்றியிருக்கக்கூடியது தன் உயர எண்ணால் அல்ல, கிடைமட்ட இடத்தால்தான். செய்மதி உயரத்துக்கு ஆதரவாக இந்த விபத்தை எடுத்துக்காட்டுவது ஆகவே பொருந்தாது.

7. பொதுப் பிழையின் பயன்

இவ்வளவு பிழை இருந்தும் உலகம் ஏன் இன்னும் அமுக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது? ஒரு ஊரில் எல்லோர் கடிகாரமும் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தால் யாரும் பஸ்ஸைத் தவறவிடுவதில்லை. ஒரே வான்பகுதியில் ஒரே அமுக்க எண்ணை வைத்துப் பறக்கும் விமானங்கள் அனைத்தும் ஒரே அளவு தவறுகின்றன. ஒன்றுக்கொன்று உள்ள ஆயிரம் அடி இடைவெளி மட்டும் தவறுவதில்லை. ஒருவர் மட்டும் ‘சரியான’ ஜிபிஎஸ் உயரத்துக்கு மாறினால் அந்த இடைவெளியில் 250, 300 அடி காணாமல் போகும். ராடாருக்குப் பதில் சொல்லும் கருவி எப்போதும் 1013.25ஐ அடிப்படையாகக் கொண்ட உயரத்தையே அனுப்புவதும் இதனால்தான்.

தம் இருப்பிடத்தைத் தாமே வானொலியில் அறிவிக்கும் ஏடிஎஸ்-பி முறையில் விமானங்கள் செய்மதி உயரத்தையும் சேர்த்து அனுப்புகின்றன. அது நீள்கோளத்திலிருந்து அளந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. உயரமானிகளை இந்தச் செய்மதி உயரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கண்காணிப்பு ஆய்வுகளில், சில விமானங்கள் கடல்மட்ட உயரத்தை அனுப்புவது வெளிப்பட்டிருக்கிறது. ஆயிரம் அடி இடைவெளியில் பறக்கும் உயர்வான்பாதைகளில் ஒரு விமானத்தின் உயரமானி அமைப்புக்கு அனுமதிக்கப்படும் பிழை 245 அடி. இலங்கைக்கு மேல் இந்தப் பரப்புக் குழப்பம் ஒன்றே 300 அடியைத் தாண்டும். குற்றமற்ற உயரமானி ஒன்றைக் கெட்டுப்போனதாகத் தீர்ப்பளிக்க இது போதும்.

என் மதிப்பீடு இதுதான். மற்ற விமானங்களிலிருந்து விலகி நிற்க உயரமானி. மலையிலிருந்து விலகி நிற்க, கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்ட ஜிபிஎஸ் உயரம். ஏனெனில் வரைபடத்தில் மலைகளுக்கு எழுதப்பட்டிருப்பதும் கடல்மட்ட உயரமே. இரண்டும் இரண்டு வேலைக்கானவை. ஒன்றின் இடத்தில் மற்றதை வைப்பதும், ஒன்றால் மற்றதற்குச் சான்றிதழ் கொடுப்பதும் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். சமிக்ஞையைக் குழப்பும் வேலைகள் உலகின் பல வான்பகுதிகளில் பெருகிவரும் இந்நாளில், வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் தேவைப்படாத உயரமானியைக் கழற்றிவைக்கும் பேச்சுக்கும் இடமில்லை.

8. செய்யத்தக்கது

விமான நிலையங்களுக்கு ஜியோயிட் வித்தியாசத்தை அளந்து வெளியிடுவது சர்வதேச நடைமுறை. அதே எண்ணை மலைநாட்டு முகடுகளுக்கும் விமான வரைபடத்தில் அச்சிடுவது பெரிய செலவில்லாத காரியம். அதற்கான அறிவு தியத்தலாவையிலேயே கற்பிக்கப்படுகிறது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையும் நில அளவைத் திணைக்களமும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை விமானிகள் தாங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஊவாவுக்குக் கிளம்பும் முன், இரத்மலானைத் தரிப்பிடத்தில் எஞ்சினை முடுக்காமல் ஜிபிஎஸ் உயரத்தைப் பாருங்கள். சில மீற்றர் காட்டினால் வாங்கி கடல்மட்டத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறது. கழித்தல் 90 என்று காட்டினால், அமைப்புகளில் போய் அதை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். மாற்ற முடியாத கருவியென்றால் 95 மீற்றரை, அதாவது ஏறத்தாழ 310 அடியை, கூட்டிப் படிக்க வேண்டும் என்று எழுதி அதன் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.